மாடிக்கு வைஃபை எட்டவில்லையா? இன்னொரு ரௌட்டர் வாங்குவதற்கு முன்

தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் மாடி கட்டிய வீடுகளில் இதே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. கீழே ஃபைபர் இணைப்பு இருக்கும், மாடியறைக்குச் சிக்னல் எட்டாது. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை ஆன்லைனில் இன்னொரு ரௌட்டர் வாங்கி அனுப்புவார். கேபிள்காரர் வந்து ஏதோ ஒரு துளையில் வயரைச் செருகிவிட்டுப் போவார். சில நாளில் "வைஃபை காட்டுது, ஆனா நெட் வரல" என்று வீடே புலம்பும். கேபிள்காரரைக் கேட்டால் ரௌட்டர் சரியில்லை என்பார். விற்றவரைக் கேட்டால் லைன் சரியில்லை என்பார்.

பெரும்பாலும் இரண்டும் சரியாகத்தான் இருக்கும். வாங்கிய பொருள்தான் தவறு. நிறுவனம் சுவரில் மாட்டிக் கொடுத்த ஃபைபர் பெட்டியிலேயே பல வீடுகளில் ரௌட்டரும் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் உள்முகவரி கொடுப்பது அதன் வேலை. இரண்டாவது ரௌட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கினால் எந்தக் கருவி எதன் பேச்சைக் கேட்பது என்ற குழப்பம் வருகிறது. மாடியில் இருக்கும் போனுக்குக் கீழேயுள்ள பிரிண்டரும் சிசிடிவி பெட்டியும் தெரியாமல் போவதும் இதனால்தான். அங்கே தேவைப்படுவது ஆக்சஸ் பாயின்ட். அது முகவரி கொடுக்காது. வயரில் வருவதை வைஃபையாக மாற்றித் தருவதோடு நிற்கும். நிறுவனம் தந்த பெட்டியில் ரௌட்டர் இல்லாவிட்டால் மட்டுமே தனி ரௌட்டர் வேண்டும். ஆகவே முதல் கேள்வியை இணைப்பு கொடுக்க வருபவரிடமே கேளுங்கள்: "இந்தப் பெட்டியிலேயே ரௌட்டர் இருக்கிறதா?"

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். இன்றைய ரௌட்டர்கள் பலவற்றின் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த வசதி இல்லாவிட்டால், வயரைச் செருகும் முன்பே உள்முகவரி கொடுக்கும் 'டிஎச்சிபி' (DHCP) வசதியை அணைத்துவிடுங்கள். கீழ்ப்பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள். பிறகு வயரை 'வான்' (WAN) என்ற துளையில் செருகாமல் 'லான்' (LAN) என்ற துளையில் செருகுங்கள். வயர் முழுச் செம்பாலான கேட் 6 ஆக இருக்கட்டும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு வயர் வேண்டாம். 100 மீட்டர்தான் எல்லை. தோட்டத்துக் கொட்டாய் வரை இழுப்பவர்கள் ஃபைபரையே இழுக்கட்டும், செம்பு வயர் இடி மின்னலை வீட்டுக்குள் கொண்டுவரும். வயரே வேண்டாம் என்று மலிவான எக்ஸ்டெண்டர் வாங்குபவர்கள் கவனிக்க: ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் கருவியில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸ் அலை வெகுவாகத் தேய்ந்துவிடும்.

எதை வாங்கினாலும் பில் வாங்குங்கள். பில் இல்லாமல் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. கருவியின் வரிசை எண் அந்தப் பில்லில் இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் கோளாறு எங்கே என்று பாருங்கள். பெட்டியில் 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். எத்தனை ரௌட்டர் வாங்கினாலும் அது தீராது. விளக்கு சரியாக இருந்தால் ஒரு மடிக்கணினியை வயர் மூலம் நேரே பெட்டியில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். காலை, மாலை, இரவு என்று சோதித்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வயரில் வேகம் சரியாக இருந்தால் குறை உங்கள் வீட்டு வைஃபையில். வயரிலேயே குறைந்தால் குறை நிறுவனத்துடையது.

அப்போது கேபிள்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிப் பயனில்லை. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதும் இதற்கு வழியில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. நிறுவனத்தின் புகார் மையத்தை அழைத்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் தராமல் "பார்க்கிறோம்" என்றால் விடாதீர்கள். தீர்வு இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதுங்கள். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்பது டிராயின் 2012 விதி. அங்கும் கைவிரித்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிறுவனம் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் தருமபுரியிலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் யோசனை கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இதற்கெல்லாம் ஆதாரம் பில்லும் புகார் எண்ணும்தான். மறுபடியும் சொல்கிறேன், பில் வாங்குங்கள்.

இனி, பலர் காதில் வாங்காத எச்சரிக்கை. வீட்டின் பெயரையோ போன் எண்ணையோ வைஃபை கடவுச்சொல்லாக வைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் சொல்கிறார்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் பூட்டப்படாத வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. அவருக்கு அதில் தொடர்பில்லை, ஆனாலும் விசாரணை அவர் வாசலுக்குத்தான் வந்தது. வெளியுலகுக்கு உங்கள் வீடு முழுவதும் ஒரே முகவரி. அது யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் போலீஸ் முதலில் கேட்கும். குடியிருப்பவர்களுக்குத் தன் இணைப்பைப் பகிரும் வீட்டுக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பூட்டைப் போடுங்கள். கடவுச்சொல் இல்லாமலே பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணையுங்கள். விருந்தாளிகளுக்குத் தனி 'கெஸ்ட்' பெயர் கொடுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. இரண்டையும் மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் ரௌட்டர்களையும் கேமராக்களையும் கைப்பற்றியது, வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டதால்தான். இணைப்பு கொடுக்க வந்தவர் அந்தக் கடவுச்சொல்லைத் தர மறுத்தால் அதையும் புகாராகப் பதிந்து எண் வாங்குங்கள். உங்கள் இணைப்பை யாரோ தவறாகப் பயன்படுத்தி உங்கள் பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். இன்று மாலையே உங்கள் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். அதில் அச்சிட்ட கடவுச்சொல்லே இன்னும் ஓடுகிறதென்றால் தூங்கப்போகும் முன் மாற்றிவிடுங்கள்.