பட்டம் வாங்கிய பிள்ளை காட்டுக்கா போவது?

போன மாதம் சம்பளத்துக்கு மறுநாள், மேல் டிவிசனிலிருந்து ஒரு தகப்பன் எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து முடித்திருக்கிறாள். அந்த லயத்தில் முதல் பட்டதாரி அவள்தான். "ஐயா, புள்ள காட்டு மிருகங்களப் பத்தி டிரெய்னிங் போறேங்குது. ஆறு மாசமாம். நாங்க மலையில நின்னு அட்டக்கடி பட்டது போதாதா? படிச்ச புள்ளையும் காட்டுக்குத்தான் போவணுமா?" என்று கேட்டார்.

அன்றைக்கு நாங்கள் சரியான பதில் சொல்லவில்லை. டீச்சர் வேலைக்கு, பேங்க் வேலைக்குப் போடச் சொல்லுங்கள் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம். பிறகு யோசித்தபோது அது நல்ல பதிலாகப் படவில்லை. ஆகவே இந்த மாதிரிப் பயிற்சி என்றால் என்ன, யாருக்கு, எதற்கு என்பதை அவுஸ்திரேலியாவில் நடக்கிற ஒரு காரியத்தை வைத்து இங்கே எழுதுகிறோம்.

அவுஸ்திரேலியாவின் பழங்குடி மக்கள் அந்த மண்ணில் 50,000 வருஷங்களுக்கும் மேலாக வாழ்கிறவர்கள். 1788இல் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் அதை யாருக்கும் சொந்தமில்லாத நிலம்போல எடுத்துக்கொண்டார்கள். காட்டை மாட்டுப் பண்ணைகளாக்கினார்கள். மாடு மேய்க்கும் வேலையைப் பழங்குடி மக்களே செய்தார்கள். அவர்களில் பலருக்குக் கூலியாகக் கிடைத்தது என்ன தெரியுமா? மாவு, சீனி, தேயிலை. ஆமாம், தேயிலைதான். எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களுக்கு இதை வாசிக்கும்போது நெஞ்சில் ஏதோ செய்கிறது.

1966ஆம் ஆண்டு வேவ் ஹில் என்ற பண்ணையில் குரிஞ்சி இன மக்கள் வின்சென்ட் லிஞ்சியாரி என்பவரின் தலைமையில் வேலையை விட்டு வெளியேறினார்கள். சம்பளத்தில் தொடங்கிய அந்தப் போராட்டம் நிலத்தைத் திருப்பிக் கேட்பதில் போய் நின்றது. 1975இல் பிரதமர் விட்லம் நேரில் வந்து ஒரு பிடி மண்ணை லிஞ்சியாரியின் கையில் கொட்டி நிலத்தை ஒப்படைத்தார். பிறகு எடி மாபோ என்று ஒருவர். பல்கலைக்கழகம் ஒன்றில் தோட்டக்காரராக வேலை செய்தவர். தன் தீவு தனக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்த அவருக்கு, சட்டப்படி அது அரசுக் காணி என்று அங்கே இருந்த விரிவுரையாளர்கள்தான் சொன்னார்கள். விடாமல் வழக்காடினார். 1992 ஜூனில் உச்ச நீதிமன்றம், இம்மக்களுக்கு நிலத்தில் பழைய உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மாபோ காலமாகிவிட்டார்.

நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வந்ததும், அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் வந்தது. 1998இல் நந்தவரினா என்ற இடம் பழங்குடி மக்களே பாதுகாக்கும் முதலாவது காப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. இன்று அந்நாட்டின் காப்பு நிலங்களில் ஏறக்குறைய பாதி இப்படிப்பட்டவை. 2007 தொடக்கம் இம்மக்களைக் காவலர்களாக அமர்த்தி மத்திய அரசு சம்பளம் கொடுக்கிறது. ரேஞ்சர் என்று சொல்கிறார்கள்.

சரி, ரேஞ்சர்கள் இருக்கிறார்களே, பட்டதாரிகள் எதற்கு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ரேஞ்சருக்கு அடிச்சுவடு தெரியும், எந்தக் குருவி எந்தப் புல்லில் ஒளியும் என்று தெரியும். ஆனால் எந்த மிருகத்தை எப்படிக் காப்பது என்று அறிக்கை எழுதுவதும், பணம் கேட்பதும், முடிவு எடுப்பதும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற விஞ்ஞானிகள். கிழவர் ஒருவர் ஆயுள் முழுக்கக் கற்றதை ஒரு வாரத்தில் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். கட்டுரையில் அந்தக் கிழவரின் பெயர் இராது. தோட்டத்துக்கு சர்வே எடுக்க வருகிறவர்களை நாங்களும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

எழுதுகிற கையும் தங்கள் பிள்ளையின் கையாக இருந்தால் கதை மாறும். ஆனால் அந்த நாட்டிலும் பல்கலைக்கழகக் கதவு தாமதமாகத்தான் திறந்தது. சார்ல்ஸ் பேர்கின்ஸ் என்ற தலைவர் சிட்னியில் பட்டம் பெற்றது 1966இல். பழங்குடி ஆண்களில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதலாமவர் என்று அவரைச் சொல்கிறார்கள். விஞ்ஞானம் படித்து வெளியே வருகிற பழங்குடிப் பிள்ளைகள் இன்றும் குறைவு. அவர்களுக்கென்று சில வனசீவராசிப் பாதுகாப்பு அமைப்புகள் பயிற்சி இடங்களை ஒதுக்குகின்றன. சில மாதங்கள் முதல் ஒரு வருஷம் வரை காட்டிலேயே தங்கி வேலை பழகுவதுதான் இந்தப் பயிற்சி.

வேலை என்றால் சும்மா சுற்றிப் பார்ப்பதல்ல. விடியுமுன் எழும்பிப் பொறிகளைப் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் பெட்டிக்குள் இருக்கும் சிறு பிராணி செத்துப்போகும். நிறுத்துப் பார்த்து, அளந்து, அடையாளம் இட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். மரத்தில் கட்டிய கமராக்கள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை உட்கார்ந்து பிரிக்க வேண்டும். முக்கால்வாசி ஆடும் புல்லின் படமாகத்தான் இருக்கும்! மணல் பாதையில் ஜீப் ஓட்டுவது, முதலுதவி, கணக்குகளைக் கொம்பியூட்டரில் ஏற்றுவது எல்லாம் பழக வேண்டும். பட்டம் இருந்தும் "அனுபவம் இல்லை" என்று திருப்பி அனுப்புகிற நிலைமைக்கு மருந்து இதுதான்.

இந்த வேலையின் பயன் என்ன என்பதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். 1935இல் கரும்புத் தோட்டத்து வண்டைத் தின்னட்டும் என்று ஹவாயிலிருந்து ஒருவகைத் தேரையைக் கொண்டுவந்து குயின்ஸ்லாந்தில் விட்டார்கள். வண்டு கரும்பின் உச்சியில், தேரை தரையில். வண்டு தப்பியது. தேரையோ நாடு முழுக்கப் பரவத் தொடங்கியது. அதன் உடம்பில் நஞ்சு. தின்ற உடும்பும் முதலையும் செத்தன. வடமேற்கே கிம்பர்லி பகுதியில் வறட்சிக் காலத்தில் ஆறு வற்றிக் குட்டையாகும்போது நன்னீர் முதலைகள் ஒன்றாகக் கூடும், தேரைகளும் தண்ணீருக்கு அங்கேதான் வரும். சில இடங்களில் முதலைகள் கூட்டமாகவே மடிந்தன. புனுபா இனத்து ரேஞ்சர்களும் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் அரசு அதிகாரிகளும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். செத்த தேரையின் நஞ்சுப் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, வாந்தி வரச் செய்யும் ஓர் உப்பை ஊசியால் ஏற்றி, முதலைக்குத் தூண்டிலாகக் கட்டினார்கள். தின்ற முதலைக்குக் குமட்டியது, உயிர் போகவில்லை. அதற்குப் பிறகு தேரையைக் கண்டால் அது வாய் வைப்பதில்லை! இதைச் செய்த இடங்களில் முதலைச் சாவு பெருமளவு குறைந்தது என்று 2024இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. முதலை எந்தக் குட்டைக்கு எப்போது வரும் என்பது ஒருவருக்குத் தெரியும், மருந்தின் அளவு இன்னொருவருக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருந்தால் எப்படியிருக்கும் என்பதுதான் இந்தப் பயிற்சியின் நோக்கம்.

இரவுக்கிளி என்று ஒரு பச்சைக் கிளி. பகலில் முட்புல்லுக்குள் பதுங்கும், இரவில் மட்டும் வெளியே வரும். அழிந்தே போய்விட்டது என்று பலர் நினைத்த பறவை. 2013இல்தான் உயிரோடு படம் பிடித்தார்கள். மேற்குப் பாலைவனத்தில் நுருர்பா ரேஞ்சர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துத் தேடியதில், அவர்கள் நிலத்தில் மட்டும் 50 கிளிகள் வரை இருக்கலாம் என்று 2024இல் தெரியவந்தது. தீ பெரிதாகப் பரவினால் அந்தப் புல் போய்விடும், கிளியும் போய்விடும். ஆகவே குளிர் காலத்திலேயே சிறு சிறு துண்டாக எரித்து, பெருந்தீ பரவாமல் தடுப்பது அவர்களின் பழைய முறை. (இதை வாசித்துவிட்டு யாரும் மானாப்புல்லுக்கு நெருப்பு வைத்துவிடாதீர்கள். காற்றும் ஈரமும் பார்த்து, தலைமுறையாகப் பழகியவர்கள் செய்கிற வேலை அது. இங்கே அது குற்றமும்கூட.)

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டோம். சம்பளம் இல்லாத பயிற்சி என்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் போக முடியும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளை போகாது. ஆகவே கூலியும் தங்குமிடமும் கொடுக்கிற பயிற்சிதான் உண்மையான பயிற்சி என்பது எங்கள் அபிப்பிராயம். இன்னொன்று: சிட்னியில் வளர்ந்த பழங்குடிப் பெண் கிம்பர்லிக்குப் போனால் அங்கே அவள் விருந்தாளிதான். அது வேறு இனத்தின் நிலம். பெரியவர்கள் அழைத்துப் போய் அறிமுகம் செய்த பிறகுதான் நடமாட வேண்டும். ஊரில் சாவு விழுந்தால் நாட்கணக்கில் போய் இருக்க வேண்டியது அவர்கள் வழக்கம். அதைப் புரியாத மேலதிகாரியிடம் லீவு கேட்பது பெரிய பாடு. பெரியவர்கள் சொன்ன சில விஷயங்களை எழுதவே கூடாது என்றும் இருக்கிறது. எழுதினால் ஆய்வு வளரும், எழுதினால் தாத்தாவின் நம்பிக்கை கெடும். அந்தப் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

நமது மலைக்கு வருவோம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் தோட்டத்து மரக்கறிப் பாத்தி ஒன்றில், பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அபூர்வமான ஒரு கருஞ்சிறுத்தை மாட்டி, சில நாளில் செத்துப்போனது. சுருக்கு வைத்தவனைத் திட்டினார்கள். பன்றி தின்ற மரக்கறிக்கு யார் பதில் சொல்வது என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். இரண்டு பக்கத்தின் பேச்சும் தெரிந்து, சிறுத்தை எந்த மலையில் எந்த நேரம் இறங்கும் என்று கொழுந்தெடுக்கும் தன் தாயிடமே கேட்டு எழுதக்கூடிய ஒரு விஞ்ஞானப் பட்டதாரி அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

அந்தத் தகப்பனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். பயிற்சிக்குக் கூலி உண்டா, தங்குமிடம் எப்படி, இன்சூரன்ஸ் இருக்கிறதா, பெண் பிள்ளைகள் எத்தனை பேர் போகிறார்கள் என்று மகளைக் கேட்டு எழுதிவரச் சொன்னோம். அவர் மறுபடி வந்தார், இந்த முறை மகளோடு. "அம்மாதான் சொல்லிச்சு, எட்டாம் நம்பர் மலையில சிறுத்த குட்டி போட்டிருக்கிற எடம் அதுக்குத் தெரியுமாம்" என்றாள் பிள்ளை. தகப்பன் ஒன்றும் பேசாமல் விண்ணப்பப் படிவத்தை எங்கள் மேசையில் வைத்தார்.