முதுகெலும்பில் புதிய எலும்பு வளர்வது ஏன்?

ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்னும் முதுகெலும்பு அழற்சி நோய் பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்குகிறது. காலையில் முதுகும் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருப்பதும், நடமாடினால் அவ்விறுக்கம் தளர்வதும், ஓய்வெடுத்தும் வலி தணியாதிருப்பதும் இதன் முக்கிய அடையாளங்கள். இந்நோயில் எலும்பு வளரக் கூடாத இடத்தில் வளர்கிறது. அதன் காரணத்தை அறிந்தால் சிகிச்சையின் நோக்கம் விளங்கும்.

அழற்சியும் சீரமைப்பும்

இணைநார்களும் தசைநாண்களும் எலும்பில் பதியும் இடங்களில் நோய் முனைப்பாகத் தொடங்குகிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தூண்டப்பட்டு, டி.என்.எஃப்., இன்டர்லூகின்-17 ஆகிய புரதங்கள் அங்கு மிகுகின்றன. நோயாளிகள் பலரிடம் எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபணு உண்டு. ஆனால் அதை உடையோரில் மிகப் பலருக்கு இந்நோய் வருவதில்லை.

அழற்சி முதலில் எலும்பை அரிக்கிறது. அரிப்பைச் சீராக்க முனையும் உடல், எலும்பை உருவாக்கும் செல்களைத் தூண்டுகிறது. அச்செல்களை அளவோடு நிறுத்தும் கட்டுப்பாடு இந்நோயில் தளர்வதாகக் கருதப்படுகிறது. எனவே சீரமைப்பு எல்லை மீறி, முள்ளெலும்புகளின் விளிம்பில் மெல்லிய எலும்புப் பாலங்கள் தோன்றுகின்றன. ஆண்டுகள் பல கழிந்து சிலருக்கு அவை ஒன்றோடொன்று இணைய, எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்பு கணுக்கணுவான மூங்கிலைப் போலக் காட்சியளிக்கிறது.

வெளியே வளர்ச்சி, உள்ளே தேய்வு

வெளியே எலும்பு வளரும் அதே வேளையில், முள்ளெலும்பின் உட்பகுதி அழற்சியால் அடர்த்தி குன்றுகிறது. ஆகவே இணைந்துபோன முதுகெலும்பு உறுதியானதன்று. சிறு வீழ்ச்சியிலும் முறியக்கூடும். விழுந்தபின் கழுத்திலோ முதுகிலோ புதிய வலி தோன்றினால், அது சிறிதாயினும், உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஏற்கெனவே வளைந்துள்ள கழுத்தை எவரும் வலிந்து நிமிர்த்தக் கூடாது. நோயின் பெயரை அவசர ஊர்திப் பணியாளரிடம் முதலிலேயே கூறுங்கள்.

செய்ய வேண்டுவன

ஒருமுறை உருவான எலும்புப் பாலத்தை மருந்து கரைப்பதில்லை. ஆனால் அழற்சியைத் தொடக்கத்திலேயே அடக்கித் தொடர்ந்து கட்டுப்படுத்தினால் புதிய எலும்பு வளர்ச்சி மெதுவாகலாம். வலி குறைந்ததென்று மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டா. புகைப்பிடித்தல் நோயை விரைவுபடுத்துவதால் அதை அறவே கைவிடுக. நிமிர்ந்த நிலையைப் பேணும் பயிற்சிகளையும் மூச்சுப் பயிற்சியையும் இயன்மருத்துவரிடம் கற்று நாள்தோறும் செய்க. வீட்டிலுள்ளோர் வழுக்கும் தரையையும் இருண்ட படிகளையும் சீராக்கி உதவலாம்.