கடைசிக் கரண்டுக்குப் பிறகு

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு என்று வரிசையாகச் சிகிச்சை நடக்கும். ஆபரேஷன் என்றால் சொந்தபந்தம் திரண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். கீமோவில் முடி கொட்டினால் தெருவே வந்து விசாரிக்கும். கதிர்வீச்சுக்கு அந்தப் பதற்றம் இருப்பதில்லை. நோயாளிகளின் பேச்சில் சொன்னால் ‘கரண்ட் வைக்க’ தினமும் காலையில் கிளம்பிப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை, அந்த நேரத்தில் வலிகூட இல்லை. ‘இதோட எல்லாம் முடிஞ்சுது’ என்று வீடு நிம்மதி அடைகிறது. ஆனால் கதிர்வீச்சின் தொல்லைகள் பலருக்கு உச்சத்துக்கு வருவது கடைசி நாளுக்குப் பிந்தைய ஒன்றிரண்டு வாரங்களில்தான். அந்த வாரங்களில் தினசரி ஆஸ்பத்திரிப் பயணமும் நின்றுவிடுகிறது, விசாரிக்க வருபவர்களும் நின்றுவிடுகிறார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்துப் பெண்களுக்கு இந்தத் தனிமை இன்னும் கூடுதல். மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனாலும் புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் இங்குள்ளவர்கள் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போகிறார்கள். மேற்கே இருப்பவர்களில் சிலர் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கரண்ட் என்று வைத்துக்கொள்வோம். லோக்கல் ரயிலில் ஏறி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் எல்லாம் தாண்டி மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து பூங்கா நகருக்கு நடந்துபோய்ப் பறக்கும் ரயில் பிடித்து, கஸ்தூரிபா நகரில் இறங்கி மறுபடி நடக்க வேண்டும். மூர் மார்க்கெட் வரைக்குமே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கருவியின் அடியில் படுத்திருப்பது சில நிமிடம்; அதற்காகப் போவது ஒரு முழு நாள். திங்கள் முதல் வெள்ளி வரை இப்படியே.

அடையாறு மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த மருத்துவமனை 1954-ல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. அதன்பின் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தாவும் ஆயுள் முழுக்க அங்கே உழைத்து, காசில்லாதவர்களுக்கும் சிகிச்சை உண்டு என்பதை நடத்திக் காட்டினார்கள். சிகிச்சை கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்று இந்த மாவட்டத்துக் கிராமங்கள் வரை வந்திருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகான கவனிப்பு இன்னும் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை.

அறைக்குள் நடப்பது

முதல் நாள் ஸ்கேன் எடுத்து அளவு குறிப்பார்கள். மார்பிலும் விலாப்புறத்திலும் மையால் கோடு போடுவார்கள். அந்தக் கோடு அழியக் கூடாது என்பதால் குளிக்கும்போது அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. சிகிச்சையின்போது சாய்வான பலகையில் படுத்து, ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்க வேண்டும். தோள் இறுகியிருந்தால் அதுவே பெரிய சோதனை. கோட்டைப் பார்த்து உடம்பைச் சரிசெய்துவிட்டு டெக்னீஷியன்கள் வெளியே போய்விடுவார்கள். கனமான கதவு சாத்தப்படும். கருவி மெல்லச் சுற்றி வந்து ஒரு கோணத்தில் நிற்கும், ஒரு இரைச்சல், பிறகு அடுத்த கோணம். வெளியிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ஒலிபெருக்கியில் பேசவும் செய்வார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடலாம்.

முன்பெல்லாம் 25 தடவை, அதாவது ஐந்து வாரம் என்பதுதான் வழக்கம். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வுகள் இதை மாற்றின. ஒவ்வொரு தடவையும் சற்றுக் கூடுதல் அளவு கொடுத்து, மொத்தம் 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சை 15 தடவையில், மூன்று வாரத்தில் முடிப்பது பழைய முறைக்குக் குறைந்ததல்ல என்று பத்தாண்டுக் கண்காணிப்பின் முடிவுகள் 2013-ல் காட்டின. தகுந்த நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில், ஐந்தே தடவையில் 26 கிரே கொடுத்து முடிக்கலாம் என்று 2020-ல் இன்னொரு ஆய்வு வந்தது. யாருக்கு எது பொருந்தும் என்பது நோயின் நிலையையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் பொறுத்தது. ஆனாலும் டாக்டரிடம் ‘எனக்கு மூணு வாரத்துல முடியுமா?’ என்று கேட்க ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிறவருக்குப் பத்துப் பயணம் மிச்சம் என்றால் பத்து நாள் கூலி மிச்சம்.

ஒரு பயத்தை இங்கேயே உடைத்துவிட வேண்டும். வெளியிலிருந்து கருவி வழியாகக் கொடுக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது. கருவியை நிறுத்திய நொடியே அது முடிந்தது. ‘பேரனைத் தூக்காதே’, ‘தட்டு, டம்ளரைத் தனியா வை’ என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் படுக்கலாம், எந்தக் குழந்தையையும் அவர் கொஞ்சலாம். கர்ப்பிணிகூட அவர் பக்கத்தில் உட்காரலாம்.

தோலும் களைப்பும்

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தோல் சிவக்கத் தொடங்கும். பிறகு கறுக்கும், அரிக்கும், உரியும். மார்பின் அடிமடிப்பிலும் அக்குளிலும் வியர்வையும் உரசலும் சேர்ந்து நீர் கசியும் புண்ணாகலாம். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நின்று வேலை செய்பவருக்கு இது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரம் வரை மோசமாகிவிட்டு, பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் ஆறிவிடும். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, தேய்க்காமல் ஒற்றி எடுத்தல், தளர்வான பருத்தி உடை ஆகியவை போதும். இறுக்கமான பிராவையும் ஓரம் குத்தும் ஜாக்கெட்டையும் கொஞ்ச நாள் மறந்துவிடலாம். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடிப்பில் செருகிக்கொள்வது வெகு நாளாகப் புழங்கும் உபாயம்; துவைத்து வெயிலில் காய்ந்த துணியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். மஞ்சள், எண்ணெய், பச்சிலை என்று அக்கம்பக்கத்தில் சொல்வதையெல்லாம் அந்தத் தோலில் பூச வேண்டாம். அரிப்புக்கும் எரிச்சலுக்கும் டாக்டர் எழுதித் தரும் களிம்பு உண்டு.

களைப்பு வேறு ரகம். தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது. சோறு வடித்ததும் உட்கார்ந்துவிட வேண்டும் போலிருக்கும். ‘கரண்ட் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு, இன்னுமா?’ என்று வீட்டில் கேட்பார்கள். பலருக்குச் சில வாரங்களிலும், சிலருக்கு மாதக்கணக்கிலும்தான் அது குறையும். படுத்தே கிடப்பதைவிட தினமும் கொஞ்சம் நடப்பது களைப்பைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோளைச் சும்மா விடக் கூடாது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்தி, எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். அடுத்த வாரம் அந்தக் கோடு இரண்டு விரற்கடை மேலே போயிருந்தால் கை மீண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கொடியில் துணி உலர்த்த, தலை வார, ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க இந்த உயரம் தேவை.

அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீக்கம் வரலாம். அங்கே கதிர்வீச்சும் சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம். மோதிரம், வளையல் திடீரென்று இறுகினால் அதுவே முதல் அறிகுறி. சிப்காட்டில் இரும்புச் சிராய், சூடான தகடு என்று கையில் கீறல் படாமல் ஒரு ஷிப்டு போவது அரிது. ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கையில் சின்னக் காயம் பட்டாலும் உடனே கழுவி மருந்து போட வேண்டும். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கரண்ட் முடிந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தாலும் சளி என்று விட்டுவிடாமல், ‘நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கியிருக்கிறேன்’ என்பதைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

பெஞ்சில் உருவாகும் கூட்டம்

கீமோ பெரும்பாலும் சில வாரங்களுக்கு ஒருமுறை. போகும்போதெல்லாம் புது முகங்கள். கதிர்வீச்சு அப்படியில்லை. தினமும், அதே கருவி, ஏறக்குறைய அதே நேரம். அதனால் மூன்று வாரம், ஐந்து வாரம் என்று அதே பெண்கள் அதே பெஞ்சில் காத்திருக்கிறார்கள். நாலாவது நாளில் ‘அக்கா’ என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். யாருக்குத் தோல் உரிந்தது, எந்தத் துணி உறுத்தவில்லை, எந்த ரயிலில் கூட்டம் குறைவு, புருஷனிடம் எப்படிச் சொன்னாய் என்பதெல்லாம் அங்கே ஓடும். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவதையும் பக்கத்து அக்காவிடம் கேட்டுவிடுகிறார்கள். யாரும் கூட்டாமல் தானே கூடிய ஆதரவுக் குழு அது. ஒவ்வொருவருக்கும் சிகிச்சையின் கடைசி நாள் வருகிறது. ஒருவர் ஆந்திர எல்லைக்குப் போகிறார், இன்னொருவர் திருத்தணிப் பக்கம். தோல் உரிந்து, களைப்பு அழுத்தும் வாரத்தில் அந்தப் பெஞ்சு இல்லை. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: தானாக உருவான அந்தத் துணையை அறுந்துபோக விடக் கூடாது.

அனுபவப்பட்டவரே துணை நிற்பது என்பது உலகில் சோதித்துப் பார்த்த வழி. 1952-ல் மார்பை இழந்த டெரீஸ் லாசர் என்ற நியூயார்க் பெண்மணி, தன்னைப் போன்றவர்களை ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே போய்ப் பார்க்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த இயக்கம் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. கனடாவின் வான்கூவரில் 1996-ல் டான் மெக்கென்சி என்ற மருத்துவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்துத் துடுப்புப் படகு ஓட்ட வைத்தார். கைக்கு வேலை கொடுத்தால் வீங்கிவிடும் என்று அந்நாளில் எல்லோரும் அஞ்சினார்கள். அவர்களுக்கு வீங்கவில்லை. படிப்படியாகப் பழக்கினால் கை தாங்கும் என்று பின்னர் வந்த ஆய்வுகளும் சொல்லின.

ஆதரவுக் குழு ஆயுளை நீட்டிக்கும் என்று 1989-ல் ஒரு ஆய்வு பெரிய நம்பிக்கை கொடுத்தது. பரவிய நோயுள்ள 235 பெண்களை வைத்து கனடாவில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. ஆயுள் கூடவில்லை, ஆனால் மன உளைச்சலும் வலியும் குறைந்தன. எனக்கு அதுவே போதுமான காரணமாகப் படுகிறது. வலி குறைவதும் உளைச்சல் தணிவதும் அற்பமானவை அல்ல.

எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். துணை நிற்பவர் டாக்டர் அல்ல. ‘எனக்கு இப்படி ஆகலையே’ என்ற ஒரு சொல் எதிரில் இருப்பவரின் ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுக்கும். எவரும் இன்னொருவரை மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. ஹார்மோன் மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் தொடர வேண்டியது. கேட்பதும், கூடப் போவதும், ‘இதை டாக்டரிடம் காட்டு’ என்று தள்ளிவிடுவதும்தான் அவர் வேலை.

இந்த மாவட்டத்தில் இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் உண்டு. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்களும் இயன்முறை மருத்துவர்களும் வீடு தேடி வருகிறார்கள். சுகர், பிரஷர் பார்க்க வருபவரிடம் ‘கரண்ட் முடித்திருக்கிறேன், கை தூக்க முடியவில்லை’ என்று சொன்னால் வழி பிறக்கும். ஏற்கெனவே மீண்ட ஒருவரையும் அந்தத் தன்னார்வலர் உடன் அழைத்து வரலாம். கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பெண்கள் பலர். அவர்களுக்கு ஆறுதலும் அந்த மொழியில்தான் வர வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசாத ஆதரவு அரைகுறை. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு, கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும், சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், 70 சதவீதச் சம்பளம். புற்றுநோய் நீட்டிக்கப்பட்ட உதவிப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருடம் வேலையில் இருந்து, நிர்ணயித்த நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் 80 சதவீதச் சம்பளம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். இது தெரியாமலேயே வேலையை விட்டுவிடும் பெண்கள் உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாத, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மனம் தாங்காத இரவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். உடம்பு பற்றிய சந்தேகத்துக்கு 104.

கரண்ட் முடித்து மீண்டு வந்த பெண்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கதிர்வீச்சுப் பிரிவு நர்ஸிடம் உங்கள் போன் நம்பரையும் ஊர்ப் பெயரையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் பக்கத்து ஊரிலிருந்து யாராவது வந்தால், அவர் சம்மதித்தால், பேசத் தயார் என்று சொல்லுங்கள். அவருடைய கடைசிக் கரண்டுக்கு மறு வாரம் கட்டாயம் ஒரு போன் செய்யுங்கள்.