வீமன் வீட்டுக்கு வந்த கதை

பெண் கொடுக்கும் வீட்டார்கூட மாப்பிள்ளையிடம் இத்தனை கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். "வீட்டைச் சுற்றி வேலி இருக்கின்றதா? எத்தனை அடி உயரம்? அயல்வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? இரவில் நாய் எங்கே படுக்கும்?" என்று அந்த அம்மையார் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார். விடைகளைக் கடதாசியிற் குறித்துக்கொண்டார். என் அண்ணருக்கோ பொறுமை எல்லை கடந்துகொண்டிருந்தது. "வீடற்ற நாய்க்குச் சோறு போட வந்தவனுக்கு இவ்வளவு விசாரணையா?" என்று என் பக்கம் திரும்பித் தமிழிற் கேட்டார்.

இது நடந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே, டலஸ் நகரின் புறத்தேயுள்ள ஒரு சிற்றூரில். அண்ணர் குடும்பத்தோடு அங்கே குடியேறிப் பல ஆண்டுகளாகின்றன. எண்பது வயதைக் கடந்த எங்கள் தாயாரும் அவரோடுதான் இருக்கிறார். சென்ற ஆண்டு நான் அங்கே சில மாதங்கள் தங்கியிருந்தபோது, பதினாறு வயதுடைய என் பெறாமகள் நாய் வளர்க்கவேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். விலைக்கு வாங்குவதை அவள் விரும்பவில்லை. கைவிடப்பட்ட நாய்களைப் பேணும் காப்பகத்திலிருந்தே எடுக்கவேண்டுமென்றாள்.

காப்பகத்தில் வரிசை வரிசையாகக் கூடுகள். காது செவிடுபடும் குரைப்பு. கம்பியிலே பாய்ந்து வாலாட்டி எங்களை அழைக்காத நாய் ஒன்றேனும் இல்லை என்று நினைத்தோம். கடைசிக் கூட்டுக்கு வந்தபோது அந்த எண்ணம் பொய்த்தது. அங்கே தூய வெண்ணிறத்தில், பசுக்கன்றின் பருமனில் ஒரு நாய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருந்தது. அதன் பார்வை வெளிக்கதவின்மேல் இருந்தது. எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கதவை நோக்கத் தொடங்கிற்று. நிறை 108 இறாத்தல். கூட்டிலே தொங்கிய அட்டையில், இருமுறை வீடு சென்று இருமுறையும் திரும்பியது என்று எழுதி, அதற்குக் காரணமும் குறித்திருந்தார்கள்: இரவிற் குரைக்கின்றது, வேலியைத் தோண்டுகின்றது, சொற் கேட்பதில்லை.

"இந்த மூன்றும் குற்றமல்ல, இவனுடைய தொழில்" என்றார் அம்மையார்.

அந்த ஒரு வார்த்தையை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் பல வாரங்கள் பிடித்தன. வாசகர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வினம் பிரான்சு தேசத்துக்கும் ஸ்பெயின் தேசத்துக்கும் நடுவே நிற்கும் பிரனீஸ் மலைத்தொடருக்கு உரியது. கோடை காலத்தில் இடையர்கள் செம்மறிகளை உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்வார்கள். ஓநாயும் கரடியும் உலாவும் அவ்விடத்தில் இரவெல்லாம் விழித்திருக்கவேண்டியது நாயே. இடையன் உறங்கும்போது அதற்குக் கட்டளையிட ஆளில்லை. எது ஆபத்து, எது ஆபத்தல்ல, எப்போது எழவேண்டும், எப்போது படுக்கலாம் என்பனவற்றையெல்லாம் அது தானாகவே தீர்மானிக்கவேண்டும். பகைவனோடு பொருதுவது கடைசி வழி. உரத்துக் குரைத்து, "இங்கே காவல் உண்டு" என்று இருளுக்கு அறிவிப்பதே முதல் வழி. கழுத்தைக் கவ்வும் ஓநாயிடமிருந்து காக்க இரும்பு முட்கள் பதித்த பட்டியை அணிவிப்பதும் அக்காலத்து வழக்கம்.

ஆட்டு நாய் என்றவுடன் நம்மிற் பலர் நினைப்பது சீழ்க்கை ஒலிக்கு இணங்கி மந்தையை இப்பக்கமும் அப்பக்கமும் ஓட்டும் கொல்லி இனத்தை. அது வேறு, இது வேறு. ஓட்டும் நாய் எசமானின் முகத்தைப் பார்த்து வேலை செய்கின்றது. காவல் நாயோ ஆட்டின் நடுவே வளர்ந்து, ஆட்டையே சுற்றமாகக் கொண்டு, எசமானுக்கு முதுகைக் காட்டி வெளியே பார்க்கின்றது. நாய்க்குட்டி ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையில் யாரோடு பழகுகின்றதோ அவர்களையே தன்னவராகக் கொள்ளும் என்பதை ஸ்கொட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினர். இடையர்கள் இதை நூலின்றியே அறிந்திருந்தார்கள். குட்டிகளைப் பட்டியிலேயே விட்டு வளர்த்தார்கள்.

ஓநாயும் கரடியும் அருகியபோது இந்நாய்களுக்கும் வேலை அருகிற்று. பின்னர் 1992இல் இத்தாலியப் பக்கமிருந்து ஓநாய்கள் பிரான்சு தேசத்து அல்ப்ஸ் மலைக்குத் திரும்பின. 1996இல் சுலோவேனியாவிலிருந்து கரடிகளைக் கொணர்ந்து பிரனீஸ் மலையில் விட்டார்கள். காவல் நாய்க்கு மறுபடியும் தேவை பிறந்தது. அமெரிக்காவிற் கதை வேறு விதமாய் நடந்தது. அங்கே 1933இல் இவ்வினம் முறைப்படி பதிவு பெற்றது. பதிவு பெற்றபின் நெடுங்காலம் பெரும்பாலும் காட்சிக்கும் செல்லத்துக்குமே வளர்த்தார்கள். 1972இல் நிக்சன் ஜனாதிபதி, கூட்டரசுக்குச் சொந்தமான நிலங்களில் நஞ்சு வைத்து வேட்டை விலங்குகளைக் கொல்வதைத் தடுத்தார். மந்தையைக் காக்க வேறு வழி தேடினவர்கள் ஐரோப்பிய இடையரின் பழைய வழியை நினைத்தார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலே மசச்சூசெட்சு மாநிலத்து ஹம்சயர் கல்லூரியிலும், ஐடகோ மாநிலத்து அரசாங்கச் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்திலும் இதற்கான சோதனைகள் நடந்தன.

அமெரிக்காவில் ஆடுகள் மிகுதியாக உள்ள மாநிலம் டெக்சாஸ். கொயோட்டி என்னும் சிற்றோநாய்க்கும் அங்கே குறைவில்லை. ஆகவே பண்ணைக்குப் பண்ணை இந்த வெள்ளை நாய்கள். கட்டுப்பாடின்றி அவை ஈனும் குட்டிகளிற் பல நகர்ப்புறத்துக்கு வருகின்றன. எட்டு வாரக் குட்டி பஞ்சுப்பொதிபோல இருக்கும். கண்டவர் மனம் இளகாமற் போகாது. ஓராண்டு கழிந்தபின் அப்பஞ்சுப்பொதி நூறு இறாத்தல் நிறையோடு நின்று, நள்ளிரவிலே தொலைவில் விழுந்த சருகுக்கும் குரல் கொடுக்கும். அப்போது அது காப்பகத்துக்கு வருகின்றது. தொண்டர்கள் இவற்றை வண்டிகளில் ஏற்றி வடக்கு மாநிலங்களுக்கு அனுப்பி வீடு தேடிக் கொடுக்கிறார்கள். இத்தனைக்கும் நாய் செய்த பிழை யாது?

பெறாமகள் அவனுக்கு வீமன் என்று பெயரிட்டாள். அவனுக்கு இதயப்புழு நோய் இருந்ததைக் காப்பகத்தார் மறைக்காமற் சொன்னார்கள். நுளம்பு பரப்பும் இந்நோய் அமெரிக்காவின் தென்பகுதியில் மிகுதி. புழுக்களைக் கொல்ல ஊசி போட்டபின் நாயை ஓடவோ துள்ளவோ விடலாகாது; செத்த புழுக்களின் துணுக்குகள் நுரையீரற் குழாய்களை அடைத்துவிடக்கூடும். எனவே வாரக்கணக்கில் அவனை வாரிற் பிடித்தே முற்றத்துக்குக் கொண்டுபோனோம். பழகுவதற்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று அங்கே ஒரு கணக்குச் சொல்லுகிறார்கள். மூன்று நாளில் அச்சம் தெளியுமாம்; மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடுமாம்; மூன்று மாதத்தில் வீடு தன்னுடையதென்று தெரியுமாம். வீமன் முதல் மூன்று நாளும் உணவைத் தொடவில்லை.

இரண்டாம் வாரம் குரைப்புத் தொடங்கிற்று. இரவு ஒரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை. பின்வளவில் அவனுக்குக் கட்டிய கூடு அழகாக இருந்தது. அவன் அதில் ஒருநாளும் படுக்கவில்லை, மதிலோரமாகச் சுற்றிச் சுற்றி வந்தான். அயலவர் முறையிட்டார். நகர அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அண்ணர் அதை மேசையில் வைத்து, "சனிக்கிழமை கொண்டுபோய் விட்டுவிடுவோம்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர் அவர்.

பெறாமகள் அழவில்லை, காப்பகத்து அம்மையாரோடு தொலைபேசியிற் பேசினாள். "இரவில் அவனை வெளியே விட்டிருக்கிறீர்களா? அப்படியானால் அவன் வேலையில் நிற்கிறான். உள்ளே கொண்டுவந்து கதவைப் பூட்டுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் நிலம் சுருங்கினால் அவனுடைய வேலையும் சுருங்கும்" என்பது அவர் சொன்ன வழி.

வழி எளிது. ஆனால் அம்மா இருக்கிறாரே!

"நாயை வீட்டுக்குள் ஏற்றின குடும்பம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. நாய்க்கு இடம் படலையடி" என்றார் அம்மா. அவர் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஊரிலே எங்கள் வளவைக் காத்த நாய்கள் விடிய விடியக் குரைத்தன. ஒருவரும் கடிதம் எழுதவில்லை. குரையாத நாய்க்கு யார் சோறு போடுவார்? சாமியறை உள்ள வீட்டில் நாய் மயிர் பறக்கலாமா என்று அவர் கேட்டதற்கும் எங்களிடம் விடை இல்லை.

"அப்பாச்சி, இரண்டுதரம் திரும்பி வந்துவிட்டான். மூன்றாந்தரமும் திரும்பிப் போனால் அவனை யார் எடுப்பார்கள்?" என்றாள் பெறாமகள்.

அம்மா அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலையில் தேநீர் குடித்துக்கொண்டே, "நடையோடு நிற்கவேண்டும். சாமியறைப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது" என்றார். அண்ணர் அன்றே பலகை வாங்கிச் சாமியறை வாசலில் ஒரு தடுப்பு அமைத்தார்.

முதலிரவு வீமன் வீட்டை ஒருமுறை சுற்றி வந்தான். கதவு ஒவ்வொன்றையும் மோந்தான். பின்பு தலைவாசலும் அம்மாவின் அறைக்கதவும் ஒருங்கே தெரியக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்து, குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டான். அன்று இருமுறைதான் குரைத்தான். சில நாட்களில் இன்னொன்றைக் கவனித்தோம். கண்பார்வை மங்கிய அம்மா நள்ளிரவில் கைத்தடியை ஊன்றிக் குளியலறைக்குப் போனால், அவனும் எழுந்து இரண்டடி பின்னால் நடப்பான். கதவருகே காத்து நிற்பான். அவர் மறுபடி கட்டிலில் அமர்ந்த ஓசை கேட்ட பிறகே தன் இடத்துக்குத் திரும்புவான். இதை அவனுக்கு ஒருவரும் பழக்கவில்லை. "சொன்னதைக் கேட்கமாட்டான், சொல்லாததைச் செய்கிறான்" என்று அம்மா அங்கலாய்த்தார். அன்று பிற்பகல் தயிர்ச்சோற்றில் ஒரு பங்கு நடைப்பக்கம் போனதையும் கண்டேன்.

எல்லாம் சீராகிவிட்டதென்று எண்ணவேண்டாம். மூன்றுதரம் கூப்பிட்டால் ஒருதரம் வருவான்; அதுவும் யோசித்துத்தான் வருவான். வாரில்லாமல் வெளியே விட்டால் அடிவானம் வரையில் தன் காவல் எல்லை என்று நடந்துவிடுவான். உதிரும் மயிரை நாள்தோறும் கூட்டினால் ஒரு பை நிறையும். ஏவினவுடன் செய்யும் நாயை விரும்புகிறவர்களும், சுவர் ஒட்டிய வீடுகளில் வாழ்கிறவர்களும் இவ்வினத்தை நாடாதிருப்பதே இரு பகுதியாருக்கும் நல்லது. காப்பகத்து அம்மையாரின் நெடும் விசாரணையின் பொருள் இப்போது எனக்கு விளங்குகின்றது.

மூன்று மாதம் நிறைந்தபோது அவர் தொலைபேசியில் அழைத்தார். அதே கேள்விகள். இம்முறை அண்ணரே எடுத்துப் பேசினார். இரவில் நாய் எங்கே படுக்கிறது என்ற கேள்விக்கு, "எங்கள் தாயாரின் அறை வாசலில்" என்று சட்டென்று விடை கூறினார். வேலியைப் பற்றிக் கேட்டபோதுதான் சிறிது தயங்கினார். இரண்டு இடத்தில் தோண்டியிருக்கிறான், கல் அடுக்கி அடைத்திருக்கிறோம் என்று உள்ளதை ஒப்புக்கொண்டார்.