20 நிமிடமும் 30 மணி நேரமும்

பாம்பு கடித்தவரின் ரத்தம் உறைகிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. சுத்தமான, ஈரமில்லாத புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் விரியன் வகைப் பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும். ஆனால் அந்தக் குழாய் சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாக இருந்தால் நல்ல ரத்தம்கூட உறையாது. பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலும், பொறுக்காமல் நடுவில் ஆட்டிப் பார்த்தாலும் முடிவு தப்பிவிடும். குழாயை எடுத்து வைப்பவர் பல நேரங்களில் இரவு டியூட்டியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்தான். இந்தச் சிறு விவரங்களை அவருக்கு யார், எப்போது சொல்லிக்கொடுத்தார்கள்? அவசர சிகிச்சைப் பிரிவின் தொடர்கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்காமல் விடுவதும் இதைத்தான்.

மருத்துவர்களுக்குத் தொடர்கல்வி புதிதல்ல. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் ஐந்தாண்டுகளுக்கு 30 மணி நேரம் என்று அளவு சொல்கின்றன. அவற்றுக்கு மாற்றாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் அறிவித்த விதிகள் அதே மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டன. 30 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 6 மணி நேரம், அதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறு பெரும்பாலும் ஒரு பெருநகர அரங்கில், வரிசை நாற்காலிகளில், திரையில் ஓடும் படங்களைப் பார்த்தபடி கழிகிறது. மாலையில் சான்றிதழ் கிடைக்கும். பேச்சாளர்களின் திறமையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கேட்டு அறிவது வேறு, கை பழகுவது வேறு. நின்றுபோன இதயத்தை இயக்க மார்பை அழுத்தும் திறமை, பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே மங்கத் தொடங்குவதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. முறைகளும் நிலையாக நிற்பதில்லை. 2010 வரை சுவாசப்பாதையைப் பார்ப்பது முதல் வேலை என்று கற்பித்தார்கள். அதன்பின் மார்பழுத்தம் முதலிடத்துக்கு வந்தது. நிமிடத்துக்கு 100 முறைக்குக் குறையக் கூடாது என்ற அளவு, 2015-இல் 100 முதல் 120 என்று வரம்பு கட்டப்பட்டது. வேகமாக அழுத்துவதே நல்லது என்று பழகிய கை அந்த வரம்பைத் தானாகக் கற்றுக்கொள்ளாது.

இன்னொரு குறை, அரங்கப் பாடத்துக்கு ஊர் கிடையாது. ஆனால் நம் திண்டுக்கல் சமவெளிக்கென்று தனியே ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதிலுள்ள கொல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள்தான் வெளிநாடுகளில் மருந்தாகிறது. வேறு கிழங்கென்று நினைத்துத் தின்றுவிட்டவருக்கு முதல் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் இருக்கும். சாதாரண வயிற்றுக்கோளாறு என்று ட்ரிப் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினால், இரண்டாம் மூன்றாம் நாளில் சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை என ஒவ்வொன்றாகத் தளர்ந்துவிடலாம். வெளிநாட்டுப் பாடநூலில் ஒரு பத்தியாக வந்துபோகும் இந்த நஞ்சு, இங்கே வரப்போரத்துச் சங்கதி. கட்டுவிரியனும் அப்படித்தான். தரையில் படுத்துத் தூங்குபவரை இரவில் கடிக்கும், வலி அதிகமிருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை சரிவு, பிறகு மூச்சுத் திணறல். பாம்பு என்ற சொல்லே நோயாளியின் வாயிலிருந்து வராத நிலையில், இமையைப் பார்த்துச் சந்தேகப்படத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் தமிழ்நாடு அறிவித்தது நல்ல செய்தி. ஆனால் அடையாளம் காணப்படாத கடி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

வேடசந்தூர் வழியாகத் திண்டுக்கல்லைத் தொட்டு மதுரை நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. விபத்தில் ரத்தம் இழப்பவருக்கு டிரனெக்ஸாமிக் அமிலம் கொடுத்தால் இறப்பு குறையும் என்று, 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த கிராஷ்-2 ஆய்வு 2010-இல் நிறுவியது. விலை மலிவான மருந்து, ஆனால் 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் கெடுதலாகலாம். ஆகவே விபத்து எத்தனை மணிக்கு நடந்தது என்பதே சிகிச்சையின் ஒரு பாகம். அதைச் சாலையோரத்தில் விசாரித்துக் குறித்துக்கொள்ள வேண்டியவர் 108 வண்டியின் மருத்துவ உதவியாளர். 2008 செப்டம்பரிலிருந்து ஓடும் அந்தச் சேவையின் ஊழியரும், நர்ஸும், பயிற்சி மருத்துவரும் தனித்தனியாகக் கற்றால் அந்த நேரக்குறிப்பு கைமாறும் இடத்தில் தொலைந்துபோகும். சேர்ந்து கற்பதன் பயனுக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சான்று உண்டு. அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவகால அவசரநிலைகளைப் பேறுகால ஊழியர் அனைவரும் தங்கள் இடத்திலேயே ஒன்றாக ஒத்திகை பார்த்தார்கள். பிறக்கும்போது ஆக்சிஜன் குறைவால் மூளை பாதிக்கப்படும் குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக 2006-இல் வெளியான கட்டுரை கூறுகிறது.

ஆண்டுக்கணக்கில் கேஷுவால்டியில் நிற்பவருக்குப் பாடம் எதற்கு, அனுபவமே ஆசான் என்பார்கள். மதிக்க வேண்டிய வாதம். ஆனால் 2005-இல் வெளியான ஒரு மறுஆய்வு 62 ஆய்வுகளை அலசியபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில், பணியாண்டுகள் கூடக்கூட மருத்துவரின் சிகிச்சைத் தரம் குறைந்தே வந்திருந்தது. பழக்கம் கையை உறுதியாக்கும், பழைய முறையையும் சேர்த்தே உறுதியாக்கும். இணையத்தில் எல்லாம் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். விதிமுறை மாற்றங்களை அறிய இணையம் போதும். 20 நிமிடக் குழாயைப் பிடிக்கவும், மார்பை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தவும் போதாது.

கனமான வாதம் ஆள் பற்றாக்குறைதான். இருக்கிற ஆட்களுக்கே வேலை தீரவில்லை, பயிற்சிக்கு யாரை அனுப்புவது? இதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் யாரையும் எங்கும் அனுப்ப வேண்டாம் என்கிறேன். ஷிஃப்ட் மாறும்போது வாரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம், ஒரே ஒரு செயல், எல்லோர் கையும் ஒருமுறை செய்து பார்ப்பது. ஆண்டுக்கு 13 மணி நேரம், ஐந்தாண்டில் 65. கூட்டம் அலைமோதிப் பாதி வாரங்கள் கைவிட்டுப் போனாலும் விதி கேட்கும் 30-ஐத் தாண்டிவிடும். இந்த 15 நிமிடங்களையும் கணக்கில் ஏற்றுத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் மதிப்புப் புள்ளி வழங்க வேண்டும். பயிற்சி பெற்றவர் மாறுதலாகிவிடுவாரே என்பார்கள். அவர் நத்தத்துக்கோ பழநிக்கோதான் போவார் என்றால், கற்றதும் அவரோடு அங்கே போகட்டும்.

இதற்கு வேண்டிய வேர் இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் பணியில் வளர்ந்த காந்திகிராமம், 1960-களிலிருந்தே சுகாதார ஊழியர்களுக்குப் பணிக்காலப் பயிற்சி தந்துவருகிறது. 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஊருக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைத் தரம்பிரிக்கும் மாநில அவசர சிகிச்சைத் திட்டமும் நடப்பில் உள்ளது. கூட்டமாக வரும் காயம்பட்டோரை அப்படிப் பிரிப்பதுதான் ஒத்திகையில்லாமல் கைவராத வேலைகளில் முதன்மையானது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை தீப்பிடித்து, ஒரு குழந்தை உட்படக் குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். மற்ற நோயாளிகளை அவசரமாக வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. தீ சொல்லிக்கொண்டு வருவதில்லை. தைப்பூசம் நாள் குறித்துத்தான் வருகிறது. நத்தம் சாலையிலும் ஒட்டன்சத்திரம் சாலையிலும் இருட்டில் பழநிக்குப் பாதயாத்திரையாகப் பக்தர்கள் நடக்கப்போவது ஆண்டுதோறும் தெரிந்ததே. மார்கழி பிறந்ததும் ஒரு மாலை, 108 ஊழியர்களும் நர்ஸ்களும் மருத்துவர்களும் அவசரப் பிரிவின் வாசலில் கூடி, ஒரே நேரத்தில் பத்துப் பேர் காயத்தோடு வந்தால் யார் எந்தக் கட்டிலருகே நிற்பது, நேரத்தை யார் குறிப்பது, மதுரைக்கு யாரை முதலில் அனுப்புவது என்று நடந்து பார்க்கலாம். இந்த வருடமே தொடங்கலாம்.