செயின்சா எஞ்சினை வீட்டிலேயே ‘ஏத்தி’ வைத்தால் மரம் வேகமாக அறுபடுமா?

2016 டிசம்பர் 12 பிற்பகலில் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கி.மீ-க்கு மேல் வீசிய காற்று, நகரத்திலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. மறுநாள் காலையில் கரன்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை, தெருமுனையைத் தாண்ட வழியும் இல்லை. ‘யார்கிட்டயாவது மரம் அறுக்கிற மிஷின் இருக்கா?’ என்று ஊரே கேட்ட நாள் அது.

இன்று அந்த மிஷின் அப்படியொன்றும் அரிதான பொருள் இல்லை. 58 சிசி எஞ்சின், 22 அங்குல பார் என்று விளம்பரப்படுத்தப்படும் செயின்சாக்கள் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. மாந்தோப்பு, தென்னந்தோப்பு வைத்திருப்பவர், மனையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பவர், மரக்கிளை மின்கம்பியில் உரசும் வீட்டுக்காரர் என்று பலரும் வாங்கி வைக்கிறார்கள். வாங்கிய கொஞ்ச நாளில் அடுத்த கேள்வி வருகிறது: “இதோட பவரை இன்னும் கொஞ்சம் ஏத்த முடியாதா?”

நெமிலிச்சேரி போன்ற இடத்தில் இந்தக் கேள்விக்கு ‘முடியாது’ என்று பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ரயிலில் மூன்று ஸ்டேஷன் போனால் ஆவடி. ராணுவ டாங்குகளுக்கு எஞ்சின் செய்யும் தொழிற்சாலை உள்ள ஊர். இன்னும் கொஞ்சம் போனால் அம்பத்தூர் எஸ்டேட், லேத்தும் கிரைண்டரும் ஓயாத இடம். இங்கே வேலை பழகிய கைக்கு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிஸ்டன் பெரிய விஷயமே இல்லை.

முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் மரம் அறுபடாமல் திணறுவதற்கு எஞ்சின்தான் காரணமா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

‘ஏத்துவது’ என்றால் என்ன செய்வது?

செயின்சாவுக்குள் இருப்பது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். ஸ்கூட்டரில் இருப்பது போன்ற வால்வுகள் இதில் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஜன்னல் மாதிரி துவாரங்கள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே அந்த ஜன்னல்களைத் திறக்கும், மூடும். 12,000 ஆர்.பி.எம் வேகத்தில் ஓடினால், ஒரு விநாடிக்கு 200 முறை வெடிப்பு, 200 முறை புகை வெளியேற்றம். அந்த நெரிசலில் காற்று எவ்வளவு சுலபமாக உள்ளே வந்து வெளியே போகிறதோ, அவ்வளவு சக்தி.

வீட்டு ஒர்க்‌ஷாப் வேலைகள் எல்லாமே இந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான். முதலில் கை வைப்பது சைலன்சரில். அதன் வாயைப் பெரிதாக்குவார்கள், அல்லது இன்னொரு ஓட்டை போடுவார்கள். அடுத்தது போர்ட் வேலை: சிலிண்டரின் ஜன்னல்களை கிரைண்டரால் அகலப்படுத்துவது. அதற்கும் மேலே போகிறவர்கள் சிலிண்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டை எடுத்துவிட்டு கம்ப்ரஷனைக் கூட்டுவார்கள். ஃப்ளைவீல் சாவியை அரத்தால் தேய்த்து, ஸ்பார்க் சற்று முன்கூட்டியே விழும்படி செய்வார்கள்.

யமஹா ஆர்எக்ஸ்100 காலத்து ஆட்களுக்கு இதெல்லாம் பழகிய பாஷை. ஆனால் பைக் அனுபவம் இங்கே ஓரளவுக்குத்தான் உதவும். ஆர்எக்ஸ்100-ன் நீண்டு பருத்த சைலன்சர், வெளியே போகும் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பிக்கப் பார்க்கும் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அதில் கண்ட இடத்தில் ஓட்டை போட்டால் இழுவை போய்விடும். செயின்சாவின் சைலன்சர் அப்படியில்லை, வெறும் தகரப் பெட்டி. சத்தத்தையும் தீப்பொறியையும் அடக்குவதற்காகப் புகையின் வழியைக் குறுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் வாயைத் திறந்துவிட்டால் நிஜமாகவே கொஞ்சம் சக்தி கூடுகிறது. இது கட்டுக்கதை இல்லை. இந்த வேலை உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணமும் அதுதான்.

சத்தம் நன்றாக வந்தால் சந்தேகப்படுங்கள்

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் ஆயில்தான் உள்ளே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் மசகு. நல்ல ஆயில் என்றால் பல நிறுவனங்கள் சொல்வது 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. மலிவான மாடல்களில் 25:1, லிட்டருக்கு 40 மில்லி என்று போட்டிருப்பார்கள். உள்ளே வரும் பெட்ரோல் எரிவதற்கு மட்டும் இல்லை. எஞ்சினைக் குளிரவைப்பதும் அதுதான்.

சைலன்சரைத் திறந்ததும் காற்று கூடுதலாக ஓடுகிறது, பெட்ரோல் பழைய அளவிலேயே வருகிறது. கலவை மெலிகிறது. மெலிந்த கலவையில் சூடு ஏறும், மசகு குறையும். கார்புரேட்டரில் ‘ஹெச்’ என்று குறித்த ஸ்க்ரூவைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டாவிட்டால், பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆயிடுச்சு’ என்பது இதைத்தான்.

ஏமாற்றுவது என்னவென்றால், சீஸ் ஆகப்போகும் எஞ்சின் கேட்பதற்கு அருமையாக இருக்கும். கலவை மெலிந்தால் ஆர்.பி.எம் எகிறும், சத்தம் கூர்மையாகும். “சும்மா கத்துது பாருண்ணே!” என்று எல்லோரும் சந்தோஷப்படும் அந்த நேரத்தில் பிஸ்டனில் கோடு விழ ஆரம்பித்திருக்கும். சரியாக டியூன் செய்த செயின்சா, சுமையில்லாமல் முழு ஆக்சிலரேட்டரில் ஓடும்போது லேசாகத் தடுமாறிக் குமுறுகிற மாதிரி இருக்கும். மரத்தில் வைத்ததும் குரல் சுத்தமாகும். காதை மட்டும் நம்பினால் இந்த இரண்டு சத்தத்தையும் பழகாதவர்கள் மாற்றி எடுத்துக்கொள்வார்கள். டேகோமீட்டர் வைத்து, அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட அதிகபட்ச ஆர்.பி.எம்-ஐத் தாண்டாமல் டியூன் செய்ய வேண்டும் என்பது அதனால்தான். கேஸ்கட் எடுப்பதிலும் இதே கதை. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது தலைக்கும் அதற்கும் நடுவே குறைந்தது அரை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இந்த வேலை தெரிந்தவர்கள் வைத்திருக்கும் அளவு. பிளக் துவாரம் வழியாக சால்டரிங் கம்பியை நுழைத்து நசுக்கி, அதன் தடிமனை அளந்துதான் இறங்குவார்கள். அளக்காமல் எடுத்தால் பிஸ்டன் தலையில் இடிக்கும்.

பங்க்கிலேயே பாதி டியூனிங் நடந்துவிட்டது

இதில் இந்தியாவுக்கென்றே ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஆக, கார்புரேட்டரைத் தொடாமல் எரிபொருளை மட்டும் மாற்றினாலும் கலவை மெலியும். புதிய கார்களில் இதைக் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும். செயின்சாக்களிலும் தானாகச் சரிசெய்யும் எலெக்ட்ரானிக் கார்புரேட்டர் உண்டு, ஆனால் விலை உயர்ந்த மாடல்களில் மட்டும். சில ஆயிரம் ரூபாய் மிஷினில் இருப்பது வெறும் ஸ்க்ரூதான்.

செயின்சா கையேடுகளை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் எத்தனால் 10%-க்கு மேல் வேண்டாம் என்று இருக்கும். பங்க்கில் கிடைப்பதோ 20%. ஏற்கெனவே மெலிந்த கலவையில் ஓடும் மிஷினின் சைலன்சரையும் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? போன புயலுக்கு ஊற்றிய பெட்ரோலோடு ஒரு வருஷம் மூலையில் கிடக்கும் செயின்சாவில், ரப்பர் குழாயும் கார்புரேட்டரின் மெல்லிய சவ்வும் விறைத்துப் போயிருக்கும். அடுத்த டிசம்பரில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்தால் இழுவை இருக்காது. ‘மிஷின் பவர் போயிடுச்சு’ என்று சைலன்சரில் கை வைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நோய் ஒன்று, வைத்தியம் வேறு.

வேகம் கூடினால் கைக்கு என்ன?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். பரவலாகப் புழங்கும் 3/8 அளவு சங்கிலி, ஏழு பல் சக்கரம், 10,000 ஆர்.பி.எம். சங்கிலி விநாடிக்கு சுமார் 22 மீட்டர் ஓடும். மணிக்கு 80 கி.மீ. எஞ்சினைத் தொடாமல் எட்டுப் பல் சக்கரம் போட்டால் வேகம் 14% கூடி 91 கி.மீ ஆகும். (இதற்கு விலையாகச் சங்கிலியின் இழுவிசை குறையும் என்பதை விற்பவர் சொல்வதில்லை.) ஆனால் ஓடும் சங்கிலியின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் 14% கூடினால் ஆற்றல் 30% கூடும்.

பாரின் நுனியில், மேல் பாதி ஏதாவது மரத்தில் பட்டால், அறுப்பதற்குப் பதில் மொத்த மிஷினும் எம்பி முகத்தை நோக்கி வரும். ஆங்கிலத்தில் ‘கிக்பேக்’. கை உணர்வதற்கு முன்பே முடிந்துவிடும் சமாச்சாரம் இது. முன் கைப்பிடிக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு கையில் பட்டோ, எம்பும் வேகத்திலோ பிரேக்கை இழுத்து சங்கிலியை நிறுத்த வேண்டும். அந்த பிரேக் கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது. வீட்டில் ஏற்றிய வேகத்தில் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

புயலில் விழுந்த மரம் இதில் இன்னும் மோசம். நிற்கிற மரம் எந்தப் பக்கம் சாயும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் மரங்களில் எந்தக் கிளை வில் மாதிரி வளைந்து நிற்கிறது என்று வெளியே தெரியாது. அறுத்த நொடியில் அது விடுபட்டு அடிக்கும், அல்லது வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்விப் பிடிக்கும். இலைக்குவியலுக்குள் பாரின் நுனி எதில் படுகிறது என்பதும் தெரியாது. மிஷினுக்குச் சக்தி போதாதே என்று தோன்றுவதும் இதே இடத்தில்தான்.

சைலன்சரைத் திறந்ததில் வேறு இரண்டும் நடந்திருக்கும். உள்ளே இருந்த தீப்பொறி வலையை எடுத்திருப்பார்கள். கோடையில் காய்ந்த சருகுக்கு நடுவே அது ஆபத்து. சத்தமும் கூடியிருக்கும். கம்பெனி நிலையிலேயே செயின்சா 100 டெசிபலைத் தாண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்கில், காது மூடி இல்லாமல் 100 டெசிபலை ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் கேட்கலாம்.

உண்மையில் மரத்தை அறுப்பது எது?

1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு அடிமரத்தில் வண்டுப் புழு துளைத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமும் மாறிமாறிச் சீவின. அதுவரை செயின்சா சங்கிலிகள் கைரம்பத்தின் பல்லைப் போல மரத்தைக் கீறின. காக்ஸ் புழுவின் தாடையைப் போல, இடது ஒன்று வலது ஒன்றாக மரத்தைச் சீவி எடுக்கும் பல் செய்தார். 1947-ல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நெமிலிச்சேரியில் ஓடும் மிஷினின் சங்கிலியும் அடிப்படையில் அதேதான். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழமாகச் சீவலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல சங்கிலிகளில் மேடு பல்லைவிட 0.65 மி.மீ தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை அரம் போட்டுப் போட்டு உயரம் குறைந்துவிடும். மேட்டை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அப்புறம் பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தை எட்டாது. மிஷின் கத்தும், மரம் அறுபடாது. அதற்காக அந்த மேட்டைக் கண்டபடி தேய்த்துவிடவும் கூடாது. பல் அளவுக்கு மீறிக் கடித்தால் கிக்பேக் அதிகமாகும். அளவுத் தகடு வைத்துத் தேய்க்க வேண்டும்.

நம்மூர் மரங்கள் சங்கிலிக்கு எமன். சீமைக் கருவேலத்தின் கட்டையே இரும்பு மாதிரி, பட்டையில் வேறு புழுதி அப்பிக் கிடக்கும். சாலையோர மரமென்றால் டியூஷன் சென்டர் போர்டு, ‘வாடகைக்கு வீடு’ தகரம் என்று அடித்த ஆணிகள் உள்ளே புதைந்திருக்கும். பார் ஒரு தடவை தரையில் உரசினாலே போதும், பல் மழுங்கிவிடும். பிறகு எஞ்சினில் 10% கூட்டினாலும் 20% கூட்டினாலும் அது மரத்துக்குப் போகாது, சூடாகத்தான் மாறும்.

இவ்வளவும் தெரிந்து எஞ்சினை ஏற்றும் ஒரு உலகமும் உண்டு. வெளிநாடுகளில் நடக்கும் டிம்பர்ஸ்போர்ட்ஸ் போட்டிகளில் ‘ஹாட் சா’ என்றொரு பிரிவு. சங்கிலி மணிக்கு 200 கி.மீ-ஐத் தாண்டி ஓடும்; கட்டையிலிருந்து மூன்று வட்டங்களைச் சில விநாடிகளில் அறுத்துத் தள்ளுவார்கள். ஆனால் அந்த மிஷினின் வேலை அதோடு முடிந்தது. ஒரு நாள் முழுக்க வேப்பங்கிளை கழிப்பதற்கு அதை யாரும் எடுத்துப் போவதில்லை.

சரி, மிஷின் இழுக்கவில்லை என்றால் எங்கே ஆரம்பிப்பது? ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, அளந்து ஆயில் கலந்த புது பெட்ரோல் ஊற்றுங்கள். பெட்ரோல் குழாய் விறைத்திருந்தால் மாற்றுங்கள், பெரிய செலவில்லை. பாருக்குப் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றும் பழக்கம் நம்மிடம் நிறைய. அதில் இருக்கும் உலோகத் துகள் பாரையும் பம்ப்பையும் தின்னும், தோலுக்கும் அது நல்லதல்ல. பிறகு சங்கிலியின் அளவுக்கு ஏற்ற உருண்டை அரம் ஒன்று வாங்கி, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில், ஒரே சாய்வில் இழுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, பிளக் வயரைக் கழற்றிய பின்பு.

முடித்ததும் ஒரு கட்டையை அறுத்து, காலடியில் விழுவதைப் பாருங்கள். மாவு மாதிரி கொட்டினால் பல் இன்னும் மழுங்கலாகத்தான் இருக்கிறது, அரத்தை மறுபடி எடுக்க வேண்டும். தேங்காய்த் துருவல் போலச் சீவல் சீவலாக விழுந்தால், சைலன்சரைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது.