கல்லும் பத்திரமும்

ஜாவாவுக்குக் கிழக்கே பாலி, லொம்போக், சும்பாவா, ஃபுளோரெஸ் என்று கோத்த மணிகளைப் போல வரிசையாகச் செல்லும் தீவுகளை விட்டுச் சற்றே விலகி, இந்து மகா சமுத்திரத்தின் ஓரமாகத் தெற்கே தனித்துக் கிடக்கிறது சும்பா என்னும் தீவு. பரப்பில் அது சுமார் 11,000 சதுர கிலோமீட்டர், அதாவது பாலியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஜனத்தொகையிலோ பாலியின் ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். பாலியின் நெரிசலில் சலித்துப்போய், டென்பசாரிலிருந்து ஒரு மணி நேரம் விமானத்தில் பறந்து தம்போலகாவில் இறங்குகிறவன், புல் மூடிய குன்றுகளையும், அவற்றின்மேல் தம்மிச்சையாக மேயும் குதிரைகளையும், ஆளரவமற்ற வெண்மணற் கரைகளையும் கண்டவுடன், இவ்வளவு இடமும் காலியாகவே கிடக்கிறதே என்று வியப்பது இயல்பு. அந்த வியப்பின் பின்னாலேயே, இங்கே ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டால் என்ன என்ற எண்ணம் எழுவதும் மனித சுபாவந்தான். அந்த எண்ணத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு அபாயம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், கடற்கரையை விட்டுச் சற்று நேரம் ஒரு கிராமத்துக்குள் போய்வர வேண்டும்.

தீவின் மேற்குக் கோடியில், பெயரும் கோடி என்றே வழங்கும் பிரதேசத்தில், ஓர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே ரத்தெங்கரோ என்றொரு கிராமம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கையில் முதலில் தென்படுபவை கோபுரம்போல் வானை நோக்கி உயரும் புற்கூரைகள். இந்த வீடுகள் ஒவ்வொன்றும் மூன்று அடுக்காக அமைந்தவை: கால்களின்மேல் உயர்த்திய தளத்துக்கு அடியில் பன்றியும் கோழியும் மற்ற வளர்ப்புப் பிராணிகளும்; நடுத்தளத்தில், நான்கு பெருந்தூண்களுக்கு நடுவே அமைந்த அடுப்பைச் சுற்றி மனிதர்கள்; கூரையின் உச்சியிலுள்ள இருண்ட பரணில் குலத்தின் பழம்பொருள்களும், அவற்றோடு உறைவதாக நம்பப்படும் மூதாதையரும். மூதாதையரையும் ஆவிகளையும் போற்றும் அந்தத் தொன்மையான சமயத்துக்கு மராப்பு என்று பெயர். இன்று தீவில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்றாலும், விதைப்பிலும் அறுவடையிலும் மரணத்திலும் மராப்பின் சம்பிரதாயங்கள் தொடர்ந்து வருகின்றன. இத்தகைய பூர்வ நம்பிக்கைகளை உடையவர்கள் தங்கள் அடையாள அட்டையில் அதைக் குறித்துக்கொள்ளலாம் என்று இந்தோனேசிய அரசியல் சாசன நீதிமன்றம் 2017-ல்தான் தீர்ப்பளித்தது.

வீடுகளுக்கு நடுவே, நம்மூரில் களமும் மந்தையும் இருக்க வேண்டிய இடத்தில், இறந்தவர்கள் இருக்கிறார்கள். குட்டையான கற்கால்களின்மேல் பிரம்மாண்டமான பாறைப் பலகையை ஏற்றி வைத்த கல்லறைகள் அவை. குழந்தைகள் அவற்றின்மேல் ஏறி விளையாடுகின்றன. பெண்கள் சோளத்தையும் துணியையும் அவற்றின்மேல் பரப்பி உலர்த்துகிறார்கள். மரணத்தை வாழ்க்கையிலிருந்து ஒதுக்கி ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கம் இவர்களுக்கு இல்லை. ஒரு பெரியவருக்குக் கல் எடுப்பது என்றால், மலையில் வெட்டிய பாறையை மரச்சட்டத்தில் கட்டி, நூற்றுக்கணக்கானவர் வடம் பிடித்து ஊருக்கு இழுத்து வர வேண்டும். இழுத்தவர்களுக்கு விருந்து படைக்க வேண்டும். அவரவர் தகுதிக்கேற்ற எண்ணிக்கையில் எருமைகளையும் பன்றிகளையும் பலியிட வேண்டும். ஒரு கல்லுக்காகப் பட்ட கடனைப் பிள்ளைகள் பல ஆண்டுகள் அடைத்துக்கொண்டிருப்பதுண்டு.

கல்யாணமும் இப்படித்தான். பெண்ணின் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டார் குதிரைகளும் எருமைகளும், மமுலி எனப்படும் உலோக ஆபரணங்களும் தர வேண்டும். இந்தப் பரிசத்துக்கு பெலிஸ் என்று பெயர். பெண் வீட்டார் பதிலுக்குப் பன்றிகளும், கையால் நெய்த இக்காத் துணிகளும் தருகிறார்கள். அந்தத் துணிகளில் ஒரு வகைக் கோலத்துக்கு இன்றும் பட்டோலா என்றே பெயர். குஜராத்தில் நெய்த பட்டோலாப் பட்டு வியாபாரக் கப்பல்களில் ஒரு காலத்தில் அந்தத் திசைக்குப் போனதன் சுவடு அது. ஆகச் செல்வம் என்பது இங்கே கால்நடையாகவும் துணியாகவும், யாருக்கு யார் எவ்வளவு கடன்பட்டவர் என்ற நினைவாகவுமே வீட்டுக்கு வீடு நடமாடி வந்திருக்கிறது. நிலம் அந்தப் பட்டியலில் இல்லை. அது கபிசு என்னும் குலத்துக்குச் சொந்தம். குலத்தின் முதல் மூதாதை வந்திறங்கிய நாளிலிருந்து அது குலத்தோடேயே இருக்கிறது. உயிரோடிருப்பவர்கள் அதில் பயிரிடவும் மேய்க்கவும் உரிமை பெற்றவர்கள், அவ்வளவே.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அங்கே வாழ்க்கை சுகமானது என்று எவரேனும் நினைத்துவிடாதபடி அதன் கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். மழை ஆண்டில் நான்கைந்து மாதந்தான். மண்ணுக்கடியில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையாகையால், பெய்த நீரும் மேலே தங்காமல் கீழே இறங்கிவிடுகிறது. பழைய கிராமங்கள் பகைவருக்கு அஞ்சிக் குன்றுகளின் உச்சியில் அமைந்தவை. ஆகவே குடத்தோடு கீழே இறங்கி ஊற்றைத் தேடிப் போய்வருவதிலேயே பெண்களின் பொழுது கழிகிறது. சோளமும் மரவள்ளியும் நெல்லுமே பயிர். வேனிற்காலத்தின் கடைசி மாதங்களில் பசி எட்டிப்பார்ப்பதுண்டு. மலேரியா வெகுகாலமாகக் குடிகொண்ட தீவு இது. இந்தோனேசியாவின் வறுமை மிகுந்த பகுதிகளுள் ஒன்றாக அரசாங்கக் கணக்குகள் சும்பாவைத் தொடர்ந்து காட்டி வருகின்றன. எனவே, கடற்கரை நிலத்துக்கு ஒருவன் கட்டுக்கட்டாக ரூபியா நோட்டை நீட்டும்போது, மகனின் படிப்புக்கோ தகப்பனின் கல்லுக்கோ பணம் தேடி அலைபவன் கை நீட்டி வாங்கிவிட்டால், அவனைக் குறைகூற நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வெளியூரார் இந்தத் தீவைத் தேடி வருவது புதிதன்று. பழைய மாலுமிகளின் படங்களில் இதற்குச் சந்தனத் தீவு என்றே பெயர். வெட்டி ஏற்றுமதி செய்தே மரங்களை அநேகமாகத் தீர்த்துவிட்டார்கள். அதற்குப்பின் குதிரை வியாபாரம் தலையெடுத்தது. கட்டுறுதியான அந்தச் சிறு குதிரைகளுக்குச் 'சாண்டல்' என்றே பெயர் வந்தது. இன்று சந்தனத்தைத் தீவில் தேடினால் அகப்படுவது அரிது. குதிரையின் பெயரில் மட்டும் அதன் வாசனை தங்கியிருக்கிறது.

இப்போது ஏற்றுமதிச் சரக்கு நிலம். 1988-ல் அலைச்சறுக்கு விளையாட்டில் ஈடுபாடு கொண்ட கிளாட் கிரேவ்ஸ், பெட்ரா தம்பதியர் மேற்குச் சும்பாவின் தென்கரையில் நிஹிவாத்து என்னுமிடத்தில் வந்து தங்கி, பல ஆண்டு முயற்சிக்குப்பின் 2001-ல் ஒரு சிறு விடுதியைத் திறந்தார்கள். 2012-ல் அமெரிக்கச் செல்வர் கிறிஸ் பர்ச் அதை வாங்கினார். 2016-லும் 2017-லும் ஒரு பிரபல அமெரிக்கப் பயணப் பத்திரிகை உலகத்திலேயே சிறந்த விடுதி என்று அதைத் தேர்ந்தெடுத்ததும், சும்பா என்ற பெயரையே கேட்டிராத தரகர்கள் எல்லாரும் கடற்கரையை அளக்கப் புறப்பட்டுவிட்டார்கள். அங்கே நிலத்தை 'ஆர்' கணக்கில் விலை பேசுகிறார்கள். நம் பட்டாவில் ஏர்ஸ் என்று எழுதுவதும் அதுவே. 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். பாலியில் ஓர் ஆருக்குக் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் சும்பாவின் விலை அற்பமாகத் தோன்றும். ஆனால் பாலியில் அந்த விலைக்குள் சாலையும் மின்சாரமும் குடிநீரும் மருத்துவமனையும் அடக்கம். சும்பாவின் ஒதுக்குப்புறத்தில் அவற்றை வாங்குகிறவனே தன் செலவில் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். டச்சுக்காரர்கள் 1870-ல், எவரும் தமக்குச் சொந்தமென்று நிரூபிக்காத நிலமெல்லாம் அரசுக்கே சொந்தம் என்று விதித்திருந்தார்கள். சுதந்திர இந்தோனேசியா சுகர்னோவின் காலத்தில், 1960 செப்டம்பர் 24-ல், அந்த விதியை நீக்கிப் புதிய அடிப்படை நிலச் சட்டத்தை இயற்றியது. நிலச் சட்டத்துக்கு ஆதாரம் அடாத் எனப்படும் மரபு வழக்கே என்றும், தேச நலனுக்கு விரோதமில்லாதவரை ஊர்ச் சமூகங்களின் பொதுவுரிமை செல்லும் என்றும், எல்லா நில உரிமைக்கும் சமூகக் கடமை உண்டு என்றும் அது கூறுகிறது. முழு உடைமையாகிய 'ஹக் மிலிக்' பொதுவாக இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. நாட்டில் வசிக்கும் அயல்நாட்டவர் பயன்படுத்தும் உரிமையாகிய 'ஹக் பக்காய்' பெறலாம். அங்கே பதிவான கம்பெனி கட்டடம் எழுப்பும் உரிமையாகிய 'ஹக் குனா பங்குனான்' பெறலாம். இவை முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பில் 20, புதுப்பிப்பில் மேலும் 30 என்று கணக்கிடப்படுகின்றன. இவை தவிர, உயர்ந்த ஓத மட்டத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் வரை கரையோரத்தைப் பாதுகாப்புப் பகுதியாக விட வேண்டும் என்ற 2016-ம் ஆண்டு ஆணையும் இருக்கிறது. அலை காலைத் தொடும் தாழ்வாரம் விளம்பரப் படத்தில் அழகாயிருக்கலாம், அனுமதியில் வராது.

இந்த வரம்புகளைத் தாண்ட ஒரு குறுக்குவழி உண்டென்று காதோடு காதாகச் சொல்வார்கள்: உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பத்திரம், பணம் மட்டும் நம்முடையது. பினாமி என்ற சொல்லை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்படி 1960-ம் ஆண்டுச் சட்டத்தின் 26-வது பிரிவு இதை நன்றாகவே எதிர்பார்த்திருக்கிறது: அயல்நாட்டவருக்கு முழு உடைமையை நேராகவோ மறைமுகமாகவோ மாற்றும் ஒப்பந்தம் செல்லாது, நிலம் அரசைச் சேரும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

ஆனால், சட்டப்படி எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதும் விவகாரம் முடிந்துவிடுவதில்லை. 2017 முதல் நாடெங்கும் நிலங்களை அளந்து சான்றிதழ் வழங்கும் பெரிய திட்டம் நடந்து வருகிறது. தன் வயலுக்குச் சான்றிதழ் பெற்ற ஏழை விவசாயிக்கு அது ஒரு பாதுகாப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் குலத்துக்குப் பொதுவான நிலம் ஒரு மனிதன் பெயரில் பதிவாகிவிட்டால், அவன் கையெழுத்திட்டு விற்றுவிடலாம் என்ற நிலையும் அதனாலேயே உண்டாகிறது. விற்றவன் மறைந்து, அவனுடைய பங்காளிகள் ஒருநாள் மேய்ச்சலுக்குக் குதிரைகளை ஓட்டி வரும்போது, வழியில் முள்வேலி நிற்கிறது. பசோலா என்னும் குதிரைப்போர்த் திருவிழா பிப்ரவரி, மார்ச் மாதங்களில், நியாலே என்னும் கடற்புழுக்கள் கரைக்கு வரும் காலத்தை ஒட்டி, ராத்தோ என்னும் பூசாரிகள் நாள் குறித்து நடத்துவது. அந்தச் சடங்குக்குக் கடற்கரை வேண்டும். வேலிக்கு உள்ளே பழைய கல்லறையோ வழிபாட்டு மரமோ இருந்தால் கேட்க வேண்டியதேயில்லை. 2018 ஏப்ரலில் மேற்குச் சும்பாவின் மரோசி கடற்கரையில் சர்ச்சைக்குரிய நிலத்தை அளக்க அதிகாரிகள் வந்தபோது கிராமத்தார் எதிர்த்தனர். அந்தக் கலவரத்தில் ஒரு விவசாயி குண்டடிபட்டு இறந்தார். தன்னிச்சையாக மேயும் குதிரைகளைப் பார்த்துக் காலி இடம் என்று நினைத்த மயக்கத்தின் விலை சில சமயம் இவ்வளவு ஏறிவிடுகிறது.

அப்படியானால் வெளியார் எவரும் வரலாகாது, சும்பா பழைய கோலத்திலேயே பசித்திருக்க வேண்டும் என்பது வாதமா? கிராமத்து இளைஞர்களே அதை ஒப்பமாட்டார்கள். நிஹிவாத்து விடுதியோடு ஒட்டி 2001-ல் தோன்றிய சும்பா ஃபவுண்டேஷன் கிணறுகளும் மலேரியா சிகிச்சை நிலையங்களும் அமைத்திருக்கிறது. கருணி என்ற ஊரில் 2016-ல் தொடங்கிய சும்பா ஹாஸ்பிடாலிட்டி ஃபவுண்டேஷனின் பள்ளி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு விடுதித் தொழிலைக் கட்டணமின்றிக் கற்பிக்கிறது. நிலத்தை விற்றவன் பெற்ற தொகை ஒரு மோட்டார் சைக்கிளாகவும் ஒரு சாவுச் சடங்காகவும் இரண்டே ஆண்டில் கரைந்துபோகலாம். குலத்தார் கூடிக் குத்தகைக்கு விட்டுக் காலக்கெடு முடிந்ததும் மீட்டுக்கொள்ளும் நிலமோ பேரப்பிள்ளைகளுக்கும் வாடகை தரும். சும்பாக் கிராமத்தின் பொருளாதார எதிர்காலம் இந்த இரண்டில் எது வழக்கமாகிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது. மரத்தை வெட்டி விற்ற தலைமுறைக்குச் சந்தனம் ஒருமுறை காசு தந்தது, அதற்குப்பின் தரவில்லை.

சும்பாவில் விருந்தாளி வந்தால் முதலில் பாக்கும், வெற்றிலைக் கொடியின் காயும், சுண்ணாம்பும் வைத்த கூடையை நீட்டுவார்கள். அதை வாங்கி மெல்லுமுன் காரியம் பேசுவது மரியாதையன்று. நிலம் நாடிப் போகிறவனும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, வாய் சிவக்கும் வரைக்கும் பொறுத்திருந்து, எதிரே முற்றத்திலுள்ள கற்களைக் காட்டி, இவை யார் யாருடையவை என்று கேட்கட்டும். ஒவ்வொரு கல்லுக்கும் பெயரும், கொடுத்த எருமைகளின் எண்ணிக்கையும், வடம் பிடித்த ஊர்களின் பட்டியலும் சொல்லுவார்கள். அந்தப் பட்டியலில் வருகிறவர்களின் சந்ததியார்தாம் நாளைக்கு அவனுடைய எல்லைக்காரர்கள். அவர்கள் அத்தனை பேரும் அறிய எழுதிய பத்திரம் 80 ஆண்டு செல்லுபடியாகும். அவர்கள் அறியாமல் எழுதியது, அடுத்த முறை குதிரைகளை மேய்ச்சலுக்கு ஓட்டிவரும் நாள் வரைக்கும் செல்லும்.